குளிரில் கருகிய செடி திரும்பத் துளிர்த்த அனுபவம் யாருக்காவது இருக்கா?

கேட்டி_அடுப்படி

டெக்சஸ்ல 2021 பிப்ரவரி அடிச்ச குளிர் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டாம். கரண்ட் போனது, குழாய் வெடிச்சது எல்லாம் விடுங்க. நான் வந்தது என் கறிவேப்பிலை பத்திக் கேட்க. தரையில வெச்சது, கூரை உயரத்துக்கு நின்னது. ஹூஸ்டன் ஏர்போர்ட்ல ஃபாரன்ஹீட்ல 13 டிகிரி, அதாவது உறைநிலைக்கும் ரொம்பக் கீழ காட்டின அந்த 16ஆம் தேதிக்கு அப்புறம் ஒரு இலை மிஞ்சல. ஏப்ரல்ல பெக்கான் கொட்டை மரமே துளிர்த்துடுச்சு, இது மட்டும் அப்படியே குச்சியா நின்னுது. வீட்டுக்காரர் தரையோட அறுத்துப் போட்டுட்டார்.

மே மாசம், தோசைக்கு மாவு கரைச்சிட்டு இருக்கேன். ஜன்னல் வழியா பார்த்தா புல் வெட்ட வர்றவர் மெஷினைத் தள்ளிட்டு வர்றார். அவருக்கு முன்னாடி, மரம் இருந்த இடத்துலேர்ந்து நாலஞ்சடி தள்ளி, புல்லுக்குள்ள ஒரு துளிர். மாவுக் கையோட, செருப்பு இல்லாம ஓடினேன். கத்தின கத்துல மெஷினை அணைச்சுட்டார். குனிஞ்சு ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். ஸ்பானிஷ்ல என்னமோ சொன்னார், எனக்குப் புரியல. அப்புறம் வேலியோரம் போய் மூணு கல்லை எடுத்துட்டு வந்து துளிரைச் சுத்தி வெச்சுட்டு, மிச்சப் புல்லை வெட்டப் போயிட்டார்.

2022 டிசம்பர் குளிர்ல அதுவும் கருகி, திரும்ப வந்து, இப்போ என் தோள் உயரம். வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் "அது பழம் விழுந்து முளைச்ச புதுச் செடி, உன் மரம் போனது போனதுதான்"ங்கறார். நாலடி தள்ளி வந்தா அது பழைய வேர் இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிளேனோ_மல்லி

அக்கா, 13 டிகிரிக்கே இவ்வளவா? டாலஸ் ஏர்போர்ட்ல அன்னிக்கு மைனஸ் 2. ஃபாரன்ஹீட்லயே மைனஸ். எங்க ஊர்ல கறிவேப்பிலையைத் தரையில வைக்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

என் குண்டுமல்லி தொட்டியிலதான் இருந்தது, கராஜுக்குள்ள. கரண்ட் இல்லாததால கதவைக் கையால தூக்கித்தான் திறந்தோம். இலை ஒண்ணுகூடக் கொட்டல. ஆனா எல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிட்டு இருந்தது.

கோவிட்னால ஊருக்குத் திரும்ப முடியாம மாமனார் எங்களோட இருந்தார். நகத்தால பட்டையைச் சுரண்டி உள்ள பச்சை தெரிஞ்சா உயிர் இருக்குன்னு யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க. காலையில காபி குடிச்சதும் சுரண்டல். சாயங்காலம் நடந்துட்டு வந்ததும் சுரண்டல். பட்டை இருக்கற இடத்தைவிட இல்லாத இடம் அதிகமாயிடுச்சு. "குளிர்ல பொழைச்சாலும் உங்க நகத்துல பொழைக்காது"ன்னாங்க மாமி. அப்புறம் ஒரு ராத்திரி, எல்லாரும் படுத்தாச்சு, மாமனார் டார்ச்சோட வந்து கதவைத் தட்டறார். மண்ணுக்குக் கீழேர்ந்து, அவர் நகம் படாத இடத்துல, வெள்ளையா ஒரு முளை. அந்த நேரத்துல சென்னைக்கு வீடியோ கால் போட்டு நாத்தனாருக்கும் காட்டினார்.

மண்வெட்டி_சார்

என் முருங்கையும் தரையோடு போய் ஜூனில் வேரிலிருந்து வந்தது. அது பெரிய கதை இல்லை. ஆனால் மேலே உள்ள இரண்டு பதிவையும் படித்தபின் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில், பிப்ரவரியிலேயே கத்திரிக்கோலை எடுக்காதீர்கள். டாலஸ் பக்கம் சராசரியாகக் கடைசி உறைபனி மார்ச் நடுவில்தான். அதற்குமுன் வெட்டினால் செடி அவசரப்பட்டுத் துளிர்விடும், அடுத்த பனி அந்தத் துளிரைத் தின்னும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் காய்ந்த குச்சி அப்படியே நிற்கட்டும். சுரண்டிப் பார்ப்பது சரிதான், ஆனால் நுனியில் தொடங்கிக் கீழே வரவேண்டும், ஒரு கிளைக்கு ஒரு கீறல் போதும். தண்டைச் சுற்றிலும் பட்டையை எடுத்தால் அதற்கு மேலே உள்ளது சாகும். பெரியவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். இலையே இல்லாத செடி என்னத்தைக் குடிக்கும்? பரிதாபப்பட்டுத் தினமும் ஊற்றி வேரை அழுகவிடுபவர்கள்தான் அதிகம். குளிர் தப்பிய செடி மார்ச்சில் தண்ணீரில் சாகிறது. விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரம், துளிர் வந்தபிறகு. வாழைக்குத் தண்டை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வாருங்கள், நடுவில் வெள்ளையாக, கெட்டியாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். கிழங்கு நன்றாக இருந்தால் அதுவே குருத்து தள்ளும்.

அடுத்த குளிருக்கு: போர்வை தரைவரை தொங்கவேண்டும், மண்ணின் சூட்டைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. மரத்தின் கழுத்தில் துண்டு கட்டியதுபோல் முடிந்துவிட்டு "மூடினேனே" என்பவர்களை என் தெருவிலேயே பார்க்கிறேன். உள்ளே பழைய குண்டு பல்பு சரம் போடுங்கள். எல்இடி சரம் அழகுக்குத்தான், சூடு வராது.

கடைசியாக, கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றாதீர்கள். நாற்றம், கொசு, பூஞ்சை.

ரவுண்ட்ராக்_அம்மா

மோர் பத்தி யாருமே பேசலையே சார்? நீங்களா கிளப்பிட்டு நீங்களா தடை போடறீங்க. இங்க கறுப்புக் களிமண், சுண்ணாம்பு மண்ணு. நரம்பு மட்டும் பச்சையா, மத்தது மஞ்சளா இலை வரும். தண்ணியா கரைச்ச மோரை மாசம் ஒரு தடவை ஊத்தறேன், என் செடி கரும்பச்சையா இருக்கு. எங்கம்மாவும் ஊத்தினாங்க. ஒரு கொசுவும் வரல.

ஸ்கார்பரோ_தம்பி

நீங்கள் எல்லாரும் ஒரு கிழமைக் குளிருக்கு இவ்வளவு கதைக்கிறீங்கள். எங்களுக்கு இஞ்ச டொரோன்டோவில நவம்பர் தொடங்கி மே நடுப்பகுதி மட்டும் கருவேப்பிலை வீட்டுக்குள்ளதான். மே பிற்பகுதியில வாற விக்டோரியா டே லோங் வீக்கென்டுக்கு முதல் வெளியில விட ஏலாது. ஹீட்டர் காத்துல மாசி மாதமே எங்கட செடி மொட்டை.

போன வருசம் ஏப்ரல், கொஞ்சம் வெயில் எறிச்ச ஒரு நாள், எங்கட பில்டிங் லிஃப்டுக்குள்ள ஒரு அம்மம்மா ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு வாறா. போர்வையால நல்லா மூடியிருக்கு. பிள்ளையாக்கும் எண்டு நான் எட்டிப் பாத்தன். கருவேப்பிலை! பச்சைப் பசேலெண்டு, என்ர இடுப்பு உயரம். "வெயில் காட்டப் போறன்" எண்டா, பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லுற மாதிரி. பின்னால ஏறின வெள்ளைக்காரப் பெடியன் குனிஞ்சு பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்லை, கதவையே பாத்துக்கொண்டு நிண்டான்.

எங்கடை ஏன் மொட்டையாப் போச்சுது எண்டு கேட்டன். "இலையின்ர அடிப்பக்கம் பாத்தனியே? சிலந்திப் பேன் இருக்கும். ஞாயித்துக்கிழமையில பாத்ரூமுக்க வச்சுக் கழுவு" எண்டா. முதல் நாளே முழு வெயிலில விட்டா இலை வெளிறிப் போகுமாம், அதால நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு ரெண்டு, அப்பிடித்தான் பழக்குறாவாம். ஒரு நெட்டு முறிச்சுத் தந்தா. லிஃப்ட் முழுக்க வாசம். நான் இறங்கவேண்டிய மாடியை விட்டிட்டன்.

தலைகுந்தா_வாசி

மண்வெட்டி சார் சொல்றது அமெரிக்காவுக்கு சரியா இருக்கலாமுங்க. எங்க நீலகிரியில டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனி, போர்வைக்கெல்லாம் எங்க போறது? பொட்டானிக்கல் கார்டன்ல பூச்செடிக்கு மிலார்னு ஒரு செடியை வெட்டிட்டு வந்து சுத்தி நட்டு மறைப்பாங்க. தேயிலைக்கு விடியறதுக்கு முன்ன தண்ணி அடிச்சாத்தான் உண்டு. பனி விழுந்த இலை மேல வெயில் சுள்ளுனு பட்டா கருகிரும். வெயிலுக்கு முன்னால பனியைக் கரைச்சிரணும்.

எங்க தேயிலைத் தோட்டத்துல அப்பா ஒரு நாள் ஹோஸைப் பிடிச்சுட்டு நிக்கறாரு. தோட்டம் பூரா வெள்ளை. ரோட்டுல கார் நிறுத்தி ஒரு கூட்டம் இறங்குச்சு. அதுல ஒருத்தர், "அண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம் தண்ணி அடிக்காம இருங்க, போட்டோ எடுத்துக்கறோம்"ன்னாரு. அப்பாவும் மரியாதைக்கு நிறுத்துனாரு. ரெண்டு நிமிஷம் எங்க முடிஞ்சது? குழந்தையைச் செடி மேலயே தூக்கி வெச்சு எடுத்தாங்க. அதுக்குள்ள மேடு தாண்டி வெயில் இறங்கிருச்சு. அவங்க நின்ன அந்த நாலு வரிசை மட்டும் ஒம்பது மணிக்கெல்லாம் காப்பிப்பொடி நிறம். கோடை மழை விழுந்து, கருகின கிளையை வெட்டிக் கவாத்து பண்ணி, கொழுந்து வர்ற வரைக்கும் அந்த வரிசை தனியாத் தெரிஞ்சது. அப்பா அவங்கள ஒரு வார்த்தை சொல்லல, எனக்குத்தான் இன்னும் ஆறல.

ஆஸ்டின்_எலுமிச்சை

எனக்கு நடந்ததையும் கேளுங்க. எலுமிச்சை மொத்தமாப் போச்சு, மே மாசம் அடியிலேர்ந்து சும்மா அப்படி ஒரு வேகத்துல வந்தது. வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க. முள்ளு மட்டும் விரல் நீளம். இலை மூணு மூணா இருந்ததை யாரும் கவனிக்கல. சில வருஷம் கழிச்சுக் காய்ச்சது. அம்மா ஊறுகாய் போடறதுக்குன்னு ஆசையா ஒண்ணை நறுக்கினாங்க. தோலு மேல பூனைமயிர் மாதிரி சுணை, உள்ள பூரா விதை, கத்தியெல்லாம் பிசின். நாக்குல வெச்சுப் பார்த்துட்டு அம்மா என்னைப் பார்த்தாங்க பாருங்க. வெட்டிடலாமா, வேலியா விட்டுடலாமா?

மண்வெட்டி_சார்

அது எலுமிச்சையே இல்லை. நர்சரிகளில் குளிர் தாங்குகிற மூவிலை நாரத்தை வேர்மேல் எலுமிச்சையை ஒட்டி விற்கிறார்கள். ஒட்டு செத்தது, வேர் வந்தது. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் எதையும் முதல் வருடமே கிள்ளிவிட வேண்டும். ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் கிடைத்தால் அதன்மேலேயே நல்ல எலுமிச்சையை ஒட்டுங்கள், வேர் முரட்டு வேர். ரவுண்ட்ராக் அம்மாவுக்கு: இலை மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறை. அதற்குச் செடிக்கான இரும்புச்சத்து உரக்கடையிலேயே இருக்கிறது. மோர் மனிதர்களுக்கு.

கேட்டி_அடுப்படி

எல்லாரும் மோர்லயே நில்லுங்க. நான் கேட்டது என்ன ஆச்சு?

பிளேனோ_மல்லி

அக்கா, செடிக்கும் பழைய மரம் இருந்த இடத்துக்கும் நடுவுல கரண்டியால மெதுவா மண்ணை விலக்கிப் பாருங்க. கறிவேப்பிலை வேர்லேர்ந்து பக்கக்கன்று விடற ஜாதி. படுக்கைவாட்டுல தடியா ஒரு வேர் ஓடினா உங்க மரம்தான். வெறுமனே கீழ நோக்கி இறங்கியிருந்தா அண்ணன் சொன்னது.

கேட்டி_அடுப்படி

தோண்டினேன். சுண்டுவிரல் தடிமன்ல படுக்கைவாட்டு வேர் இருக்கு! வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது பெக்கான் வேரா இருக்கும்"னுட்டு உள்ள போயிட்டார். லேசாக் கீறி மோந்து பார்த்தேன், கறிவேப்பிலை வாசம்தான். அதை அவர்கிட்ட சொல்லல, அடுத்த சண்டைக்கு வெச்சிருக்கேன்.

மிசௌரி_புதுசு

அக்கா, ஒரு பக்கக்கன்று பார்சல்ல அனுப்புவீங்களா? பணம் அனுப்பிடறேன்.

பிளேனோ_மல்லி

அனுப்பிடாதீங்க அக்கா. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். சிட்ரஸ் மரங்களைக் கொல்ற நோயைப் பரப்பற பூச்சி இதுலயும் தங்கும். அதனால டெக்சஸ் முழுக்கத் தடைப் பகுதி, செடியை வெளி மாநிலத்துக்கு அப்படி அனுப்ப முடியாது. மிசௌரி, உங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்துல கேளுங்க, யார் வீட்டுத் தொட்டியிலயாவது கன்று கிடக்கும். தொட்டி மட்டும் சின்னதா எடுங்க, ஒவ்வொரு அக்டோபரும் உள்ள தூக்கப் போறது நீங்கதான்.