புரதச் சாயம் ஏறாத மூக்குக் கட்டி: வழிகாட்டுங்கள்

காரைக்குடியில் சிறிய நோயியல் ஆய்வகமொன்றில் பணிபுரிகிறேன். அறுபதைக் கடந்த விவசாயி ஒருவரின் மூக்கோரக் கட்டி அடிச்செல் புற்றா, செதிள்செல் புற்றா என்று பிரித்தறிய பெர்-ஈபி4 என்ற ஆன்டிபாடிச் சாயத்தை (அடிச்செல் புற்றில் ஏறும், செதிள்செல் புற்றில் ஏறாது) ஏற்றினோம். கட்டி மட்டுமன்றி, அதே ஸ்லைடில் நிறமேற வேண்டிய வியர்வைச் சுரப்பிச் சுருளும் வெறுமையாகவே நிற்பதால், இதை எதிர்மறை முடிவென்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. பொங்கல் விடுமுறையால் திசுவைப் பதப்படுத்தும் 10% ஃபார்மலினில் அது ஐந்து நாள் கிடந்ததால், சாயம் பற்ற வேண்டிய புரதம் மறைந்திருக்கலாம். அதை வெளிக்கொணர பிஎச் 6 சிட்ரேட் கரைசலில் 20 நிமிடம் சூடாக்கியும், ஆன்டிபாடியை இரவு முழுவதும் 4 டிகிரியில் வைத்தும் பயனில்லை. சாயம் ஏறும் என்று தெரிந்த வேறு திசுவின் கன்ட்ரோல் ஸ்லைடில் மட்டும் சாயம் நன்றாக ஏறுகிறது. திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கில் இரண்டு மெல்லிய செக்‌ஷனுக்கே திசு மிச்சமிருக்கிறது. நொதியால் செரிக்க வைப்பது, பிஎச் 9 கரைசலில் சூடாக்குவது ஆகிய இரண்டில் எதை முதலில் செய்யலாம்?