லிம்போ: எட்டுக்கால் பூச்சியின் கடைசிக் கால்

2013 மே விடுமுறையில் அக்கா மகன் எங்கள் வீட்டில் இருந்தான். அப்போது ஒன்பது வயது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தனியாக விளையாடலாம் என்று லேப்டாப்பில் லிம்போ என்ற வீடியோ கேமைப் போட்டேன். ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

கறுப்பு வெள்ளைக் காடு. புல்லில் ஒரு பையன் படுத்துக் கிடக்கிறான். வேறெதுவும் நடக்கவில்லை. "ஹேங் ஆயிடுச்சா சித்தி?" என்றான். ஒரு கீயை அழுத்தியதும் இருட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் திறந்தன. கண்கள்! முகம் என்று அந்தப் பையனுக்கு இருப்பது அவ்வளவுதான்.

எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று இந்த கேம் ஒரு வார்த்தை சொல்லாது. நடக்கலாம், குதிக்கலாம், எதையாவது பிடித்து இழுக்கலாம். அவன் 'சிஸ்டரை'த் தேடிப் போகிறான் என்று கேமை வாங்கும்போது படித்திருந்தேன். அக்காவா தங்கையா என்று தெரியாது. தங்கைதான் என்று அக்கா மகன் முடிவு செய்துவிட்டான், அவனுக்கும் ஒரு தங்கை இருப்பதால்.

புல்லுக்குள் மறைந்திருந்த இரும்புப் பொறியை மிதித்தபோது பையனின் தலை தனியாக விழுந்தது. பின்னணி இசை எதுவும் இல்லை, பொறி மூடும் சத்தம் மட்டும். லேப்டாப்பை மூடப் போனேன். "மறுபடி வருவான்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நாலடி முன்னால் வந்து நின்றான் பையன். ஒன்பது வயதுக்கு ஏற்ற கேம் இல்லை இது. இன்றைக்கு என்றால் பக்கத்தில் உட்கார விட்டிருக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு புல்லில் எங்கே பல் தெரிகிறது என்று எனக்கு முன்பே பார்த்துச் சொன்னவன் அவன்தான்.

அப்புறம் அந்த எட்டுக்கால் பூச்சி. மரத்தோடு மரமாக நின்றுகொண்டு, கிட்டே போனால் ஈட்டி மாதிரி காலை இறக்கும். எத்தனை முறை குத்துப்பட்டோம் என்று கணக்கே இல்லை. அது தரையில் குத்தும் அதிர்ச்சியில், மரத்தில் மாட்டியிருந்த பொறி ஒன்று கீழே விழுந்தது. அதை இழுத்துப் போய்க் காலுக்கு அடியில் வைத்தோம். டக். நாங்கள் போட்ட கூச்சலில் அக்காவே எழுந்து வந்துவிட்டாள்.

ரொம்ப தூரம் போன பிறகு அதே பூச்சி மறுபடி வருகிறது, ஒற்றைக் காலோடு தரையில் தேய்த்துக்கொண்டு. மேலே போக வேண்டுமென்றால் அந்தக் காலையும் பிடித்து இழுத்துப் பிய்க்க வேண்டும். பிறகு உடம்பை உருட்டி முள் பள்ளத்தில் தள்ளி, அதன்மேல் ஏறித் தாண்ட வேண்டும். "வேணாம் சித்தி, பாவம்" என்றான். வேறு வழி இருக்கிறதா என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் தேடினோம். இல்லை. நான் இழுத்தபோது அவன் திரையைப் பார்க்கவில்லை.

*

இதைப் படித்த வாசகர் ஒருவர் எழுதியது: சகோதரி, எனக்கும் அந்தக் கடைசிக் காலைப் பிய்க்கும் இடம்தான் மறக்கவில்லை. இதை உருவாக்கிய கோபன்ஹேகனின் ப்ளேடெட் குழு 2016-இல் இன்சைடு என்று இன்னொன்று வெளியிட்டது. அதிலும் பேசாத ஒரு சிறுவன், சிவப்புச் சட்டையில். சுயநினைவில்லாத மனிதர்களின் வரிசையில் புகுந்து, அவர்கள் நடந்தால் நடந்து, நின்றால் நின்று, காவலுக்கு இருப்பவர்களை ஏமாற்ற வேண்டும். ஒரு அடி தப்பினால் பிடித்துவிடுவார்கள். அந்த நிமிடங்களில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டுக்கும் ஒலி அமைத்தவர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன். இன்சைடுக்காக ஒலிகளை நிஜ மனித மண்டையோட்டின் வழியே செலுத்திப் பதிவு செய்தாராம். ஹெட்போனில் கேட்டால் அந்த ஒலி நம் தலைக்குள்ளிருந்தே வருவது போல இருக்கும்.

*

கேமின் முடிவைப் பற்றி வந்த இன்னொரு பின்னூட்டம்: லிம்போவை இன்னும் முடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கடைசியில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்து, அதே காட்டில் எழுந்து நடக்கிறான். ஒரு சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அருகில் போனதும் நிமிர்கிறாள், திரை இருண்டுவிடுகிறது. இவ்வளவுதானா என்று கோபமாக இருந்தது. அப்புறம் முகப்புத் திரை வந்தபோதுதான் கவனித்தேன், அதுவும் அதே இடம்தான். அங்கிருந்த ஏணி சிதைந்து கிடக்கிறது. ஆட்கள் யாரும் இல்லை. தரையில் இரண்டு இடங்களில் ஈக்கள் மொய்க்கின்றன.

*

அதற்கு என் பதில்: நண்பரே, நீங்கள் சொன்ன முகப்புத் திரையை நேற்று இரவு திறந்து பார்த்தேன். ஈக்கள் மொய்ப்பது இரண்டு இடங்கள்தான். அக்கா மகன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். போனில் சொன்னேன். "அன்னைக்கே பார்த்தேன் சித்தி, உங்ககிட்ட சொல்லல" என்றான்.