அடேலின் '25': முதல் வாரம் எவ்வளவு போகும்?

கேசட்பிரியன் | 19 நவம்பர் 2015
பாடகி அடேலோட புது ஆல்பம் நாளைக்கு ரிலீஸ். அமெரிக்காவுல என்சிங்க் பாட்டுக்குழு 2000-ல போட்ட முதல் வார 24 லட்சம் ரெக்கார்டைத் தாண்டுமா? இப்ப யாருங்க சிடி வாங்குறாங்க?

ராகமாலிகை
கண்டிப்பா தாண்டும். இதுல வர்ற 'ஹலோ' பாட்டு ஒரே வாரத்துல 11 லட்சம் டவுன்லோட். ஓசியில கேட்டது இல்ல, காசு குடுத்து வாங்கினது! அவங்க போன ஆல்பம் '21' முதல் வாரம் மூணரை லட்சம்தான் போச்சு, அதை வெச்சு கணக்குப் போடாதீங்க. அப்போ அங்க அவங்க இவ்வளவு பெரிய ஆள் இல்ல. என் கணக்கு 28 லட்சம்.

மொட்டைமாடி
ஸ்பாட்டிஃபைல விடலையே, அதான் விஷயம். கேக்கணும்னா வாங்கித்தான் ஆகணும். டல்லாஸ்ல இருக்குற எங்க அக்கா ஒரு பாட்டுக்கு மேல கேக்க மாட்டா, அவளே டார்கெட் கடையில சிடி வாங்கப் போறாளாம். அதுல மூணு பாட்டு கூடுதலாம்! தள்ளுபடி போட்டா இன்னும் பறக்கும். 30 தாண்டும்னு எழுதி வெச்சுக்கோங்க.

கேசட்பிரியன் | 30 நவம்பர் 2015
33.8 லட்சம்!! பழைய ரெக்கார்டு நாலே நாள்ல காலி. அதுல பாதி சிடியாம்.

மொட்டைமாடி
அக்காவோடதையும் சேத்துதானே?