முறுக்கா, சுரியா, மரையா, புரியா? வாய்நிரப்பித் துப்பாக்கிக்கு ஒரு கலைச்சொல்

தொடக்க மடல் – மொழிபெயர்ப்பாளர்

குழுவிலுள்ள பெரியோர் அனைவர்க்கும் வணக்கம்.

குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கியில் குறி பிசகாமல் சுடுவது எப்படி என்பதை விளக்கும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கைப்படியை ஒப்படைத்தாக வேண்டும். துப்பாக்கிக்கு 'வாய்நிரப்பி' என்றும், குண்டைப் பொதிந்து இறக்கும் மசகு தோய்ந்த பருத்தித் துணிக்குப் 'பொதிதுணி' என்றும், கெட்டிக்கும் கோலுக்குச் 'சலாகை' என்றும் எழுதிவிட்டேன். இவற்றில் எவருக்கும் மறுப்பு இராது என்று நம்புகிறேன்.

சிக்கல் ஒரே இடத்தில்தான். குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்கின்றன. அந்தச் சுழற்சிதான் அதை நிலைகுலையாமல் பறக்கவைக்கிறது. பள்ளம் ஒரு முழுச் சுற்றை முடிக்க எத்தனை அங்குலம் ஓடுகிறது என்பதை 1:28, 1:48, 1:66 என்று குறிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'டுவிஸ்ட் ரேட்'. நான் 'முறுக்கு வீதம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், இது நூற்பாலைக் கணக்கா என்று கேட்டார். நல்ல சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

மறுமொழி – புலவர்

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன்? சுரிதல் என்றால் சுழிதல், சுருளுதல். சங்கைச் 'சுரிமுகம்' என்றனர் முன்னோர். சுருண்ட கூந்தலைச் 'சுரிகுழல்' என்றனர். கூந்தலுக்கும் உள்துளை உடைய பொருளுக்கும் 'குழல்' என்னும் ஒரே சொல் வழங்குவதால், உள்ளே பள்ளம் திருகிய துப்பாக்கிக் குழலையும் 'சுரிகுழல்' என்றே சொல்லலாம். சொல் இருமடங்கு பொருந்துகிறது. சுரி, சுருள், சுருட்டு, சுழி, சுழல், சுற்று ஆகிய அனைத்தும் ஓரடியில் கிளைத்தவை என்பது என் துணிபு. 'சுரை' என்பது உள்துளையைக் குறிப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், வளைதற் கருத்தும் உட்குடைவுக் கருத்தும் ஒரே வேரில் சந்திப்பதைக் காணலாம். எனவே நீங்கள் கேட்ட அளவு 'சுரிவீதம்' ஆகட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கையேட்டின் தலைப்பில் 'துல்லியம்' என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். அது 'துல்ய' என்னும் வடசொல். 'யானை பிழைத்த வேல்' என்று குறளில் படித்தவர்கள் நாம். அங்கே பிழைத்தல் என்பது குறி தவறுதல். குறி தவறாமைக்குப் 'பிழையாமை' என்ற சொல் இருக்க, இரவல் எதற்கு?

மறுமொழி – லேத் பட்டறை நடத்துபவர்

புலவர் ஐயாவின் புலமையை வணங்குகிறேன். ஆனால் சுரிகுழல் என்று என் பட்டறையில் சொன்னால் பையன்கள் கூந்தலைத்தான் நினைப்பார்கள். அதுவும் பழம்பாடல்களைப் படித்திருந்தால். உலோகத்தில் திருகிச் செல்லும் பள்ளத்துக்கு நாங்கள் நாள்தோறும் சொல்லும் சொல் 'மரை'. மரை வெட்டுவது, மரை தேய்வது, மரை கழல்வது எல்லாம் எல்லார்க்கும் தெரியும். 'குழல்மரை' என்று வைத்தால் விளக்கவுரை தேவைப்படாது.

மறுமொழி – இயற்பியல் ஆசிரியர்

பள்ளிப் பாடத்தில் திருகு அளவியைக் கற்பிக்கும்போது புரிக்கோல், தலைக்கோல், புரியிடைத் தூரம் என்ற சொற்களைத்தான் கையாள்கிறோம். திருகை ஒரு முறை முழுமையாகச் சுற்றினால் அது முன்னேறும் தொலைவே புரியிடைத் தூரம். மொழிபெயர்ப்பாளர் கேட்பதும் ஏறத்தாழ அதுவே. கயிற்றின் புரியையும் முப்புரி நூலையும் அறியாதார் இலர். மாணவர்கள் ஏற்கெனவே படித்த சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் படைப்பது வீண் உழைப்பு.

மறுமொழி – லேத் பட்டறை நடத்துபவர்

ஆசிரியர் 'ஏறத்தாழ' என்று சொன்ன இடத்தில்தான் வழுக்கல் இருக்கிறது. ஒற்றை மரையுள்ள திருகில் அடுத்தடுத்த புரிகளுக்கு இடையேயுள்ள தூரமும், ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரமும் ஒன்றே. துப்பாக்கிக் குழலிலோ பல பள்ளங்கள் இணையாக ஓடுகின்றன. ஆறு பள்ளங்கள் கொண்ட 1:48 குழலில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் குழலின் நீளவாக்கில் உள்ள இடைவெளி 8 அங்குலம். ஒரு பள்ளம் முழுச் சுற்றை முடிப்பது 48 அங்குலத்தில். 'புரியிடைத் தூரம்' என்று எழுதினால் எட்டா, நாற்பத்தெட்டா என்ற ஐயம் எழும்.

மறுமொழி – வாய்நிரப்பியில் நெடுங்காலம் பயின்றவர்

இதுவரை ஒதுங்கியிருந்தேன். சொல் எதுவாயினும், 'வீதம்' மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வீதம் என்றால் எண் கூடக் கூட அளவும் கூடும் என்று எவரும் எண்ணுவர். இங்கே நேர்மாறு. 1:66 என்பது மெல்லச் சுற்றும் பள்ளம். 1:28 விரைந்து சுற்றுவது. துணியில் பொதிந்த உருண்டைக் குண்டு குழலின் சுவரைத் தொடுவது ஒரு மெல்லிய வளையம் அளவே. அதற்குச் சிறிதளவு சுழற்சி போதும். ஆகவே 1:60 முதல் 1:72 வரை அதற்கு இசையும். விரைந்து சுற்றும் பள்ளத்தில் மருந்தைக் கூட்டிச் சுட்டால் குண்டு பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கிச் சென்றுவிடும். நீண்ட கூம்புக் குண்டுக்கோ சுழற்சி மிகுதியாக வேண்டும். 1:24 முதல் 1:32 வரையிலான குழல் அதற்கு உரியது. அதை 1:66 குழலில் இட்டால் காற்றில் புரண்டுபோய் இலக்கு அட்டையில் பக்கவாட்டில் பதியும். குண்டு நீள நீளச் சுற்று விரைய வேண்டும் என்பதை ஆங்கிலேயக் கணிதவியலார் கிரீன்ஹில் 1879இல் சூத்திரமாகவே தந்துவிட்டார். 1:48 இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். சமரசங்களுக்குரிய குறை அதற்கும் உண்டு. இந்த எண்ணைத் தலைகீழாகப் படிப்பவர் தவறான குண்டை வாங்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே சொல்லிலேயே 'நீளம்' என்பது தெரிய வேண்டும். புரிநீளம் என்க, சுரிநீளம் என்க, எனக்கு இரண்டும் ஒன்றே.

'பிழையாமை' பற்றியும் ஒரு சொல். இலக்கில் துளைகள் ஓரிடத்தில் நெருங்கி விழுந்து, நடுவை விட்டு விலகியிருந்தால், குறிகாட்டியைத் திருத்தினால் போதும். துளைகள் சிதறியிருந்தால் குறிகாட்டியைத் தொடவே கூடாது. குற்றம் நிரப்பும் முறையில் இருக்கிறது. முன்னது குறியைச் சேர்வது, பின்னது ஒன்றையொன்று ஒத்து விழுவது. பிழையாமை முன்னதை மட்டுமே சுட்டுகிறது. வாய்நிரப்பியில் பாடெல்லாம் பின்னதற்கே. ஒவ்வொரு முறையும் மருந்தைப் பருமனால் ஒரே அளவாக அளக்க வேண்டும். குண்டு மருந்தின் மேல் இடைவெளியின்றி அமர்ந்ததா என்பதைச் சலாகையில் இட்ட கோட்டால் சரிபார்க்க வேண்டும். இடைவெளி விட்டால் குழலுக்கே ஆபத்து. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சுவதால், ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலை ஒரே விதமாகத் துடைக்க வேண்டும். மருந்தை உற்பத்தியாளர் குறித்த உச்சத்துக்குள் 5 கிரெய்ன் (மருந்தை அளக்கும் சிற்றளவு) வீதம் கூட்டிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். புகையில்லா மருந்தை இதில் ஒருபோதும் இடலாகாது. சுட்டபின் முன்னே விழுந்து கிடக்கும் பொதிதுணியை எடுத்துப் பாருங்கள். நடுவில் கருகி ஓட்டையாகியிருந்தால் மசகு போதவில்லை அல்லது மருந்து மிகுதி, அறுபட்டிருந்தால் பள்ளத்தின் விளிம்போ குழல்வாயோ கூராக இருக்கிறது. இந்த வேலைக்கெல்லாம் பொதுப்பெயர் வேண்டுமென்றால், எனக்குத் துல்லியமே போதும். துல்ய என்றால் ஒப்பு என்றுதானே பொருள்? ஒரு வெடியை மறுவெடி ஒத்திருப்பதைவிட இத்துப்பாக்கியில் வேறு என்ன இருக்கிறது?

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

பயின்றவர் சொன்ன தவற்றை நானே செய்திருக்கிறேன். என் வரைவின் மூன்றாம் அதிகாரத்தில் '66 முறுக்கு மிகுந்த குழல்' என்று எழுதி, அதற்கு நீண்ட குண்டைப் பரிந்துரைத்திருக்கிறேன். நாணத்தோடு திருத்திவிட்டேன். புரிநீளம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மறுமொழி – புலவர்

நீளம் என்பதை ஏற்கிறேன், வீதத்தைக் கைவிடுகிறேன். புரியை ஏற்பதாயின் அதன் முழுப் பயனையும் பெறுங்கள். பள்ளம் வலப்பக்கம் சுற்றினால் வலம்புரிக் குழல், இடப்பக்கம் சுற்றினால் இடம்புரிக் குழல். இவ்விணைச் சொல் சங்கிலிருந்து நமக்கு ஆயத்தமாகக் கிடைத்திருக்கிறது. துல்லியத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஒப்புத்தான் பொருளென்றால் 'ஒப்புமை' என்று எழுதுங்களேன்.

மறுமொழி – இயற்பியல் ஆசிரியர்

ஐயா, சங்கு வேண்டாம். விலங்கியலார் சங்கின் கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பர். நம் மரபில் அதைத் தலைகீழாகப் பிடிப்பர். அதனால் நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கை அவர்கள் இடச்சுற்று என்றே வகைப்படுத்துகின்றனர். திருகின் கணக்கிலும் அது இடச்சுற்றுதான். குழலுக்கு அப்பெயரை வைத்தால் விரைந்து சுற்றும் புரிக்கும் மெல்லச் சுற்றும் புரிக்கும் நேர்ந்த குழப்பம் இங்கும் நேரும்.

மறுமொழி – புலவர்

சங்கை எப்படிப் பிடிப்பது என்பதை விலங்கியலார் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

மறுமொழி – லேத் பட்டறை நடத்துபவர்

புரிநீளத்துக்கு நானும் கைதூக்குகிறேன், களைப்பினால். பட்டறையில் மரை என்றுதான் சொல்வோம்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

அனைவர்க்கும் நன்றி. 'புரிநீளம்' என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் 'குழலின் பள்ளம் ஒரு சுற்றை முடிக்க ஓடும் தொலைவு. எண் பெரிதாயின் சுழற்சி குறைவு' என்ற அடிக்குறிப்பு இருக்கும். திசைக்கு வலச்சுற்று, இடச்சுற்று என்றே எழுதியிருக்கிறேன். தலைப்பில் துல்லியம் நிற்கிறது. புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

மறுமொழி – புலவர்

பொறுத்தேன். இரண்டாம் பதிப்பு வரும்போது நினைவூட்டுவேன்.