கோல்சிசின்: கிழங்கா, மாத்திரையா, இரண்டும் வேண்டாமா?

கால்பெருவிரல்:
பெயரைப் பார்த்தாலே என் நோய் புரிந்திருக்கும். கவுட், யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகி வரும் வலி. போன வாரம் நடு ராத்திரி விரல் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போனது. மருத்துவர் கோல்சிசின் என்ற மாத்திரை கொடுத்தார், ஒன்றரை நாளில் நடந்துவிட்டேன். இப்போது இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒரு நண்பர், இதே பொருள் செங்காந்தள் கிழங்கிலேயே இருக்கிறது, மாத்திரை எதற்கு என்கிறார். இன்னொருவர், தினமும் 0.5 மி.கி. போட்டால் மாரடைப்பும் வராது என்கிறார். எதை நம்ப?

வேர்தேடி:
முதல் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இதே பொருள் உள்ள கோல்ச்சிகம் என்ற வேறொரு செடியின் கிழங்கை மூட்டுவலிக்குக் கொடுக்கும் வழக்கம், கோல்சிசின் என்ற பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. செடியில் ஒரு பொருளா இருக்கிறது? நூறு இருக்கும், ஒன்றின் வேகத்தை இன்னொன்று அடக்கும். ஒன்றை மட்டும் உருவி எடுத்துவிட்டு, பக்கவிளைவு என்று புலம்புவது நாமே வரவழைத்துக்கொண்டது.

கரிமவேதி:
'ஒன்றை இன்னொன்று அடக்கும்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செங்காந்தளில் எது அடக்குகிறது என்று காட்டுங்கள், பேசுவோம். கிழங்கைத் தின்று உயிருக்குப் போராடியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எத்தனையோ பதிவுகள் உண்டு. முதலில் வாந்தி, பேதி. ஓரிரு நாளில் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணு சரியும், பிறகு முடி கொட்டும். எல்லாம் கோல்சிசின் நஞ்சின் அடையாளங்கள்தான், எதுவும் அடங்கியதாகத் தெரியவில்லை.

வேதியியல் பக்கம் வருகிறேன். 1820இல் பெல்லட்டியே, கவாந்தூ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் கோல்ச்சிகத்திலிருந்து இதைப் பிரித்தார்கள். மூன்று வளையங்கள் கொண்ட மூலக்கூறு. ஒரு வளையத்தில் மூன்று மெத்தாக்சித் தொகுதிகள் ஒட்டியிருக்கும். இன்னொன்று ஏழு கார்பன் வளையம், டிராபோலோன் வகை. இந்த ஏழு வேதியியலாளர்களை ரொம்ப காலம் குழப்பியது. ஆறு கார்பன் வளையமாகவே நினைத்துக்கொண்டிருந்தவர்களை 1945இல் டூவர் என்பவர்தான் திருத்தினார். ஆல்கலாய்டு, அதாவது செடியின் காரப்பொருள், என்று பெயரே தவிர காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை, நைட்ரஜன் அமைடாகக் கட்டுண்டு கிடக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் அந்த ஏழு வளையம் மடங்கி லூமிகோல்சிசின் ஆகிவிடும். அது டியூபுலின் என்ற புரதத்தைப் பிடிக்காது.

அந்தப் புரதத்தைப் பிடிப்பதுதான் கோல்சிசினின் முழு வேலையும். செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல நிற்கும் நுண்குழாய்கள் இந்த டியூபுலினால் ஆனவை. கோல்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டால் சாரம் வளராது. கவுட்டில் யூரிக் அமிலப் படிகத்தைப் பார்த்து ஓடிவரும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் தடுமாறும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1பீட்டாவை வெளியேற்றும் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமும் சரியாக ஒன்றுசேராது. அழற்சி தணிவது அப்படித்தான். அதே பிடி குடல், மஜ்ஜை செல்கள் பிரிவதையும் நிறுத்தும். மருந்துக்கு ஒரு மூலக்கூறு, நஞ்சுக்கு இன்னொன்று என்று இங்கே இல்லை. (செடி வளர்ப்பவர்கள் குரோமோசோமை இரட்டிப்பாக்குவதும் இதே வித்தையால்தான், 1937 முதல்.)

வேர்தேடி:
சரி, மாத்திரையும் அதே நஞ்சுதானே? அப்புறம் கிழங்கை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

கரிமவேதி:
மாத்திரையில் 0.5 என்றால் 0.5. கிழங்கில் எவ்வளவு? செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். குணம் தரும் அளவும் ஆளைச் சாய்க்கும் அளவும் இவ்வளவு அருகருகே இருக்கும் பொருளை எடை தெரியாமல் விழுங்குவதா?

2010இல் வெளியான கவுட் ஆய்வைப் பாருங்கள். ஒரு பிரிவுக்கு ஒரு மணி நேரத்தில் 1.8 மி.கி., இன்னொன்றுக்கு பழைய முறைப்படி ஆறு மணி நேரத்தில் 4.8. வலி பாதியாகக் குறைந்தவர்கள் முறையே சுமார் 38, 33 சதவீதம். வெற்று மாத்திரைக்கு 16. பேதி? குறைந்த அளவில் 23, அதிகத்தில் 77! கூட்டிக் கொடுத்ததற்குக் கிடைத்த லாபம் கழிவறை மட்டும்தான்.

ஐயப்பேர்வழி:
கிழங்குச் சண்டை முடிந்ததா? இதய யோசனைதான் எனக்கு உறுத்துகிறது. 2019 கோல்காட் ஆய்வில் அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேர்; இதய நிகழ்வுகள் வெற்று மாத்திரைப் பிரிவில் 7.1, கோல்சிசின் பிரிவில் 5.5 சதவீதம். அடுத்த ஆண்டு லோடோகோ2, இதய நோய் நிலையாக இருந்தவர்கள் 5,522 பேர், அதே வரிசையில் 9.6 எதிர் 6.8. அதை நம்பி 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதய நோய்க்கு 0.5 மி.கி.க்கு அனுமதி தந்தது. ஆனால் 2024இல் வந்த கிளியர் ஆய்வில் 7,062 பேர், 9.3 எதிர் 9.1. பலன் பூஜ்ஜியம். வேடிக்கை என்னவென்றால், சிஆர்பி என்ற அழற்சிக் குறியீடு அதிலும் குறைந்தது! அழற்சி குறைந்தும் நோய் குறையவில்லை என்றால் 'அழற்சி எதிர்ப்பு' என்ற பட்டத்தால் நோயாளிக்கு என்ன பயன்?

கரிமவேதி:
கிளியர் ஆய்வு கொரோனா காலத்தில் நடந்தது. மருந்தைச் சரியாக உட்கொண்டார்களா என்ற கேள்வி இருக்கிறது.

ஐயப்பேர்வழி:
பிடிக்காத முடிவு வந்தால் மட்டும் கொரோனா ஞாபகம் வருகிறது, நண்பரே. லோடோகோ2இல் இதயம் சாராத இறப்புகள் மருந்துப் பக்கம் கொஞ்சம் கூடுதல், தற்செயலாகவும் இருக்கலாம். அதைப் பற்றி ஒரு வார்த்தை?

கரிமவேதி:
நியாயம். மற்ற ஆய்வுகளையும் சேர்த்து அலசியபோது அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை என்பது என் பதில். ஆனாலும் இதயம் நன்றாக இருப்பவர் தானாகப் போட்டுக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

கால்பெருவிரல்:
ஒரு அனுபவம். இரண்டு வருடம் முன்பு கோல்சிசின் எடுத்துக்கொண்டிருந்தபோது சளிக்காக வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான்கு நாளில் மாடிப்படி ஏறத் தொடையில் பலமில்லை, பேதி வேறு.

கரிமவேதி:
அதிர்ஷ்டசாலி நீங்கள். கோல்சிசினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும், செல்லிலிருந்து வெளியே தள்ளும் பி-கிளைகோபுரதத்தையும் அந்த மருந்து சேர்த்தே அடைத்துவிடும். உடம்பில் தேங்கிப்போகும். சிறுநீரகமும் பலவீனமென்றால் உயிருக்கே ஆபத்து, டயாலிசிஸாலும் இதை வெளியே எடுக்க முடியாது. இன்னொன்று: இது யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு அலோப்யூரினால் போன்ற வேறு மருந்து வேண்டும், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வேர்தேடி:
கிழங்கு விஷயத்தில் பின்வாங்குகிறேன், அளவு தெரியாது என்பது உண்மை. ஆனால் முழுச் செடி என்ற வாதத்தையே விடமாட்டேன். எல்லாச் செடியும் செங்காந்தள் இல்லை.

கரிமவேதி:
அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், வருகிறேன்.