பாட்டியை வெல்ல ஒரு வழி சொல்லுங்கள்

நண்பர்களே, என் 8 வயது மகனுக்காகக் கேட்கிறேன். "பாட்டிக்கு செஸ் எல்லாம் தெரியுமா?" என்று இளக்காரமாகக் காய்களை அடுக்கினான். அவரோ ராணியையும் பிஷப்பையும் இறக்கி, ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத சிப்பாயை வெட்டி, நான்கே நகர்த்தலில் செக்மேட் வைத்துவிட்டார். அதுவும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே! என் மாமியாருக்கு ஆடத் தெரியும் என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.

அதுவரை பாட்டியின் அறைப்பக்கமே போகாதவன், இப்போது பல் துலக்கும் முன்பே பலகையோடு அங்கே நிற்கிறான். குதிரையை முன்னே கொண்டுவந்து அந்தத் தாக்குதலைத் தடுக்கக் கற்றுக்கொண்டான். அதற்குள் அவர் வேறு பொறி வைக்கிறார். இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

இந்த வயதுக்கு ஏற்ற தமிழ் செஸ் புத்தகமோ புதிர்த் தொகுப்போ தெரிந்தால் சொல்லுங்கள். பாட்டிக்குத் தெரியாமல் படிக்க வேண்டுமாம்!