கட்லா குடல் கொழுப்பில் எடுத்த எண்ணெய்: தரம் பார்ப்பது எப்படி?

காட்பாடி மீன்கடை:
கட்லா, ரோகு வெட்டும்போது குடலோடு வரும் கொழுப்பை இதுவரை குப்பையில்தான் கொட்டினோம். இப்போது தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளுகிறேன். பாத்திரம் வீட்டிலிருந்த பித்தளை அண்டா. ராணிப்பேட்டை தோல் பட்டறைகளுக்கு எண்ணெய் பிடித்துத் தரும் தரகர் மோந்து பார்த்துவிட்டு, "ஆசிட் எவ்வளவு, பெராக்சைடு எவ்வளவு?" என்றார். கடையிலேயே பார்க்க முடியுமா?

பழைய தோல் லேப்காரன்:
தம்பி, முதலில் அண்டாவைப் பரணில் ஏற்றுங்கள். செம்பும் இரும்பும் துளி கரைந்தாலும் மீன் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். எவர்சில்வர் போதும். பித்தப்பையை உடையாமல் கிள்ளி எறியுங்கள்.

ஆசிட் என்பது கொழுப்பு உடைந்து தனியாகப் பிரிந்த அமிலம். மீன் செத்த பிறகும் குடலின் நொதிகள் ஓய்வதில்லை. வேலூர் வெயிலில் வாளி மத்தியானம் வரை கிடந்தால் கேட்கவே வேண்டாம். உடனே ஐஸில் போட்டு, அன்றே 90 டிகிரி அளவில் வேகவையுங்கள். இதைக் கடையிலேயே பார்க்கலாம்: எடைபோட்ட எண்ணெயை நடுநிலையாக்கிய ஆல்கஹாலில் கலக்கி, நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் விட்டு, 0.1 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். செலவான மில்லியை 2.82ஆல் பெருக்கி, கிராம் எடையால் வகுத்தால் சதவீதம். கச்சா எண்ணெயில் 2 முதல் 5 வரை வழக்கம்.

பெராக்சைடுக்கு லேப் வேண்டும். ஆட்கள் ஏமாறுவதும் அதில்தான். பெராக்சைடு என்பது எண்ணெயில் ஆக்சிஜன் சேர்ந்து முதலில் உண்டாகும் பொருள். காற்றுப் பட்டால் அது ஏறும். நாளானால் காறல் வாடை தரும் ஆல்டிஹைடாக உடைந்து தானே இறங்கும். காறிப்போன சரக்கும் குறைந்த பெராக்சைடு அளவைக் காட்டி நிற்கும்! அதனால் அந்த ஆல்டிஹைடைக் காட்டும் அனிசிடின் அளவையும் கேளுங்கள். பெராக்சைடின் இரு மடங்கோடு அனிசிடினைக் கூட்டினால் டோட்டாக்ஸ், அதாவது மொத்தக் காறல் அளவு. மனிதர் சாப்பிடும் மீன் எண்ணெய்க்கு 2017 கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) தரத்தில் அது 26ஐத் தாண்டக்கூடாது.

குடியாத்தம் நாட்டுக்கோழி:
தோலுக்கு எதற்கு ஐயா இத்தனை சோதனை? கொழுப்பு ஏற்றத்தானே? மிச்சத்தை என் கோழித் தீவனத்துக்குத் தரலாமே.

பழைய தோல் லேப்காரன்:
ஷாமாய் தோலுக்கு, அதாவது மீன் எண்ணெயாலேயே பதனிடும் மென்தோலுக்கு, எண்ணெய் தோலுக்குள்ளேயே ஆக்சிஜன் ஏறித்தான் பதமாகும்; முன்பே ஏறிமுடிந்த எண்ணெய் அங்கே உதவாது. கோழிக்கென்றால் புது எண்ணெய், அதுவும் கொஞ்சமாக. கூடினால் முட்டையில் மீன் வாடை வரும், அம்மா.

காட்பாடி மீன்கடை:
அண்டாவில் எடுத்தது ஒரு கேன் இருக்கிறதே?

பழைய தோல் லேப்காரன்:
கோழிக்குக் கொடுக்காதீர்கள். தரகரிடம் பித்தளையில் எடுத்தது என்று சொல்லியே விலை பேசுங்கள்.